எக்ஸ்சேஞ்ச் அன்ரியும் சூடை மீனும்

திருகோணமலைத் துறைமுகத்தில் எக்ஸ்சேஞ்ச் அன்ரிக்குத் தெரியாமல் ஒரு நங்கூரமும் இறங்கியதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவ. ஊரில் யாருடைய பழைய நம்பரைக் கேட்டாலும் சொல்லுவா. அந்த நம்பரில் யார் யாரோடு என்ன சண்டை பிடித்தார்கள் என்பதைக் கேட்காமலே சொல்லுவா.

அப்பேர்ப்பட்ட மனுசி ஒருநாள் என் கேற்றில் வந்து நின்று, "தம்பி, என்ர வீடு எது?" என்று கேட்டா. பகிடியென்று சிரித்தேன். அவ சிரிக்கவில்லை.

அங்கிள் செத்த பிறகு அன்ரி சமைப்பதை விட்டுவிட்டா. "ஒரு ஆளுக்கு என்ன சமையல்?" மீன், முட்டை, பால் எல்லாம் நின்றுபோனது. காலையில் பாணும் பிளேன்ரீயும். மத்தியானம் பிளேன்ரீயும் பாணும். தேத்தண்ணிக்கு மூட்டிய அடுப்பையும் அணைக்க மறந்தா. கொழும்பிலிருந்த அவவின் அண்ணன் மகன் செந்தூரன் பயந்துபோனான். "இனித் தனிய விடேலாது. முதியோர் இல்லத்தில இடம் பார்த்திட்டன். மூண்டு மாசத்தில வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றான்.

நானும் எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் கிண்ணியா நவாஸ் நானாவும் அவவை ஓட்டோவில் ஏற்றி டொக்டரிடம் கொண்டுபோனோம். இரத்தத்தைச் சோதித்த டொக்டர், "பி12 விட்டமின் நல்லாக் குறைஞ்சிருக்கு. ஊசி போடுவம். சாப்பாட்டையும் மாத்துங்கோ, மீன், முட்டை, பால் சேருங்கோ. எல்லா மறதியும் இப்படித் தீராது. இது தீரக்கூடும்" என்றார்.

"வயிறு கீழ கிடக்கு, மூளை மேல கிடக்கு. ரெண்டுக்கும் என்ன தொடர்பு?" என்று பாய்ந்தா அன்ரி.

"இடையில லைன் இருக்கம்மா."

அந்த ஒரு சொல்லில் மனுசி அடங்கிப்போனா.

நவாஸ் நானா சூடை மீன் கொண்டுவந்தார்.

"நாறுது, கொண்டு போ!"

"மருந்தெண்டா நாறும்தான், அன்ரி."

என் மனைவி முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் செய்து, மத்தியானம் எங்கள் மேசையில் அவவை இருத்திச் சாப்பிட வைத்தா. ஊசியின் வேலையோ, சூடையின் வேலையோ, நாலு பேரோடு இருந்து சாப்பிட்டதோ, அன்ரியின் கண்ணில் மெல்ல மெல்லப் பழைய குறும்பு திரும்பியது.

முதலில் அகப்பட்டவர் நவாஸ் நானாதான். "நவாஸ், கலியாணத்துக்கு முதல் நாள் கிண்ணியாவுக்குக் கோல் எடுத்து 'உம்மா, பயமாக் கிடக்கு' எண்டு அழுதது நீதானே?" மனிசன் மீன் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். அன்றிலிருந்து ஒழுங்கையில் பெரிசுகள் எல்லாம் அவவைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டுதான் போனார்கள்.

சொன்னபடி செந்தூரன் கொழும்பிலிருந்து வான் பிடித்துக்கொண்டு வந்தான். அன்ரியின் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, சந்தேகத்தோடு கேட்டான்: "மாமி, நான் ஆர் சொல்லுங்கோ?"

அன்ரி கதிரையில் நிமிர்ந்து இருந்தா. "நீ இஞ்ச ஆசுப்பத்திரியில பிறந்தனீ. கொப்பர் அப்ப கொழும்பில. 'அண்ணை, பொடியன்' எண்டு லைனில சொன்னது நான். அந்தப் பக்கம் மனுசன் விம்மி விம்மி அழுகிறார். மேலதிகாரி 'லைனை விடு, லைனை விடு' எண்டு கத்தினார். நான் விடேல்லை. அண்ணை அழுது முடியுமட்டும் பிடிச்சுக்கொண்டிருந்தனான். பிறகு கேட்டார், 'மூக்கு ஆரின்ர மூக்கு?' எண்டு."

செந்தூரனின் கை தானாக மூக்கைத் தொட்டது. "அப்பா அழுதவரோ, மாமி? நான் ஒருநாளும் கண்டதில்லை."

"ஓம். உனக்காகத்தான்."

அவன் பெட்டியைத் தூக்கித் திரும்ப வீட்டுக்குள் கொண்டுபோனான். நவாஸ் நானா மோட்டார் சைக்கிள் ஹோனை விடாமல் அமுக்கிப் பிடித்தார். ஒழுங்கையே கை தட்டியது. அவன் வந்த வான் ஐஸ் போட்ட சூடை மீனோடு கொழும்புக்குத் திரும்பியது.

இப்போது அன்ரி தானே சமைக்கிறா. மத்தியானம் எனக்குக் கோல் எடுத்து விசாரணையும் வைக்கிறா.

"தம்பி, என்ன சாப்பிட்டனீங்கள்?"

"கீரையும் மீனும், அன்ரி."

"பொய். குரலில மிக்சர் கேக்குது."

அந்தப் பேச்சு வாங்குவதற்காகவே சில நாளில் நான் மிக்சர் வாங்குகிறேன்.