மெதுவாக அடிக்காத டிரம்ஸ்காரன்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்திலேயே தாலாட்டுப் பாட்டுக்கு ஜனங்களை எழுந்து ஆட வைத்த ஒரே ஆள் எங்கள் ‘ஸ்பீடு’தான். நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். பகலில் எறையூர்ப் பக்கம் கரும்பு டிராக்டர் ஓட்டினான். அதை மாட்டுவண்டிகள் முந்திக்கொண்டு போகும். வேகத்தை முழுக்க டிரம்ஸுக்கென்று சேமித்து வைத்திருந்தான்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் மொத்தம் மூன்று பேர். கிட்டார் நான். பாடுவது லப்பைக்குடிக்காட்டு பாய். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக இழுத்துப் பாடுவதில்தான் அவருக்குச் சுகம். காதலி பிரிந்து போகிற பாட்டை அவர் ஆரம்பித்தால், அவள் தெருமுனை திரும்புவதற்குள் ஸ்பீடு பாட்டையே முடித்துவிடுவான்.

விக்கிரமங்கலத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளை கோட்டு மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தபோது நாங்கள் வயர் சுருட்டிக்கொண்டிருந்தோம்.

“என்னங்க இது, மாப்ளயே இப்பத்தான் வராரு. அதுக்குள்ள கச்சேரி முடிஞ்சிருச்சா?” என்று பெண்ணின் தாய்மாமன் துண்டை உதறினார்.

“பாட்டு தீந்து போச்சுங்க. வேணும்னா மொதல்லேருந்து அடிக்கட்டுமா?” என்றான் ஸ்பீடு.

பாய்க்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. “இவன் இருக்குற மேடையில இனிமே நான் ஏறுனா என்னான்னு கேளு” என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். குழு அத்தோடு கலைந்தது.

இரண்டு வருஷம் கழித்து பாய்க்கு துபாய் விசா வந்தது. நேராக என்னிடம் வந்தார். “என்னப் பெத்த உம்மாவுக்கு நான் பாடுனாத்தான் மனசு அடங்கும். திரும்பி வர்ற வரைக்கும் கேக்க ஒரு கேசட்டு வச்சிட்டுப் போகணும்ப்பா.”

போட வேண்டியது நாங்களே கட்டிய எட்டுப் பாட்டு. வேறு எந்த டிரம்ஸ்காரனுக்கும் அவை தெரியாது. பாய் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பீடைக் கூப்பிடச் சம்மதித்தார்.

ரெக்கார்டிங் கடை அரியலூர் ஸ்டேஷனை ஒட்டி இருந்தது. கடைக்காரர் சுவரெல்லாம் சாக்கு தொங்கவிட்டிருந்தார். ரயிலுக்கு சாக்கெல்லாம் ஒரு பொருட்டா? பாட்டின் நடுவே ரயில் வந்தால் எல்லாம் பாழ், மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும்.

“இப்ப ஒரு கூட்ஸ் போவும். அப்புறம் அஞ்சு நிமிஷம் கேப்பு. அதுக்குள்ள முடிச்சுக்குங்க” என்றார்.

மற்ற குழுக்களுக்கு அது தண்டனை. எங்களுக்கு ஸ்பீடு இருந்தானே! ஐந்து நிமிஷப் பாட்டை மூன்றே நிமிஷத்தில் கரை சேர்த்தான். ஏழு பாட்டு முடிந்தது, ஒரு ரயில்கூட எங்களைப் பிடிக்கவில்லை. கடைக்காரர் அசந்துபோய் அவனுக்கு மட்டும் ஸ்பெஷல் டீ வரவழைத்தார்.

கடைசிப் பாட்டு உம்மாவுக்கென்றே கட்டியது. அதை முடித்ததும் பாய் துபாய் விமானத்துக்காகத் திருச்சி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பெட்டியோடுதான் வந்திருந்தார்.

“டேய், இத மட்டுமாச்சும் கெடுத்துடாதடா” என்று கெஞ்சினார். ஸ்பீடு குச்சிகளைக் கையிலெடுத்தான்.

ஆரம்பித்தான். எனக்குக் கிட்டாரில் விரல் தடுமாறியது. அவ்வளவு மெதுவாக அடித்தான்! பாய் கண்ணைத் திறந்து அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு மூடிக்கொண்டு, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, ஆசை தீரப் பாடினார். ஐந்து நிமிஷம் தாண்டியது. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ரயில் வந்தேவிட்டது. சாக்கெல்லாம் ஆட, ஹாரன் அடித்துக்கொண்டு பாட்டுக்குள்ளேயே புகுந்து போயிற்று. இரண்டு பேரும் நிறுத்தவில்லை.

முடிந்ததும், “வீணாப் போச்சுங்களே, இன்னொரு தடவ எடுத்துருவமா?” என்றார் கடைக்காரர்.

“இருக்கட்டும்” என்ற பாய், ஸ்பீடின் பக்கம் திரும்பினார். “ஏண்டா, ஒனக்கு மெதுவா அடிக்கத் தெரியுமாடா? இத்தன வருஷம் என்னைய ஓட ஓட வெரட்டுனியே!”

ஸ்பீடு குச்சிகளைத் துணிப்பையில் போட்டபடி, குனிந்த தலை நிமிராமல் சொன்னான். “பாட்டு முடிஞ்சா நீங்க பஸ் ஏறிடுவீங்கள்ல, பாய்.”

அந்த கேசட்டை உம்மா நாடா தேயும்வரை கேட்டார்களாம். என்னிடமும் ஒன்று இருக்கிறது. ரயில் வருகிற இடத்தில் இன்றைக்கும் நான் வால்யூமைக் குறைப்பதில்லை. அந்தக் கிறுக்கனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.