ஒன்பது மணிக்கு முன் செல்லாது

மனித அறிவு எட்டிய உச்சம் எது என்று கேட்டால் சிலர் நிலவில் கால் வைத்ததைச் சொல்வார்கள், சிலர் தடுப்பூசியைச் சொல்வார்கள். பாவம், அவர்கள் ஓல்ட்டன் பக்கம் வந்ததில்லை. சுவிட்சர்லாந்தில் விடுமுறைக்கு ஊர்சுற்ற எந்த ரயில் அட்டை லாபம் என்று தேர்ந்தெடுப்பதே அந்த உச்சம். அதில் ஏறிக் கொடி நாட்டியவர் திருவாளர் பால்ட்ஸ் ஹெங்கி.

காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓல்ட்டன் 'சிக்கனப் பயணிகள் சங்க'த்துக்கு மூன்றாவது முறையாகப் போட்டியில்லாமல் தலைவரானவர். அரைக்கட்டண அட்டை, முழு வருட அட்டை, ஒருநாள் அட்டை, ஊராட்சி அலுவலகத்தில் எண்ணி எண்ணிக் கொடுக்கும் மலிவு அட்டை, எல்லாம் அவருக்கு விரல்நுனியில். ஒன்பது வருடமாக ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நடுவில் எங்கேயாவது போய் வந்தாரா என்று கேட்பது மரியாதை இல்லை. ஆராய்ச்சியாளருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?

அப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான், இருபத்தாறு வருடம் கழித்து அர்ஜென்டினாவிலிருந்து வந்து இறங்கினாள் அவர் மனைவி ரெகுலாவின் தங்கை மாட்லேன். இரண்டு வார விடுமுறை. ஆசை ஒன்றே ஒன்று. நாட்டின் கிழக்கு மூலையில், ஷ்குவோலில் இருக்கும் அண்ணன் கூர்டீனைப் பார்க்கவேண்டும். அவருக்கு அடுத்த வியாழக்கிழமை விடிந்ததும் இதய அறுவை. முந்தின நாள் மத்தியானம் ஒரு மணிக்குக் கார் வந்து அவரைக் கூர் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடும். உள்ளே போனால் அறுவை முடியும்வரை யாரும் பார்க்க முடியாது.

"நாளைக்கே கிளம்பறேன் அத்தான். ஸ்டேஷன்ல ஒரு டிக்கெட் வாங்கினா ஆச்சு," என்றாள் மாட்லேன், உருளைக்கிழங்கு ரோஷ்டியைப் பிய்த்தபடி.

பால்ட்ஸின் முள்கரண்டி தட்டில் விழுந்தது. சாப்பாட்டு மேஜையில் யாரும் அப்படிப்பட்ட வார்த்தையைப் பேசி அவர் கேட்டதில்லை.

"டிக்கெட்டா? முழு விலைக்கா? என் வீட்ல இருந்துக்கிட்டா?"

"ஏங்க, அவ அண்ணனைப் பாக்கப் போறா. இதுல என்ன ஆராய்ச்சி?" என்றாள் ரெகுலா.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இவ வெளிநாட்டுல குடியிருக்கா, ஆனா பாஸ்போர்ட் நம்ம நாட்டோடது. ரெண்டு வாரம் இருக்கா, ஆனா போக நினைக்கிறது ஒரே இடம். நீயும் நானும் கூடப் போகணும். இப்படி ஒரு கேஸ் என் வாழ்நாள்ல வந்ததே இல்ல!" அவர் கண்ணில் நீர் கோத்தது. சந்தோஷந்தான்.

அன்றிலிருந்து மேஜையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. பதினோரு பக்க அட்டவணை, நான்கு வண்ணப் பென்சில், ஒரு பூதக்கண்ணாடி. கூர்டீன் தினமும் போன் செய்வார்.

"எப்பம்மா வர்ற?"

"அத்தான் அட்டை பாத்துட்டிருக்காரு அண்ணா."

"இன்னுமா? கொலம்பஸே இத்தனை நாள் யோசிச்சிருக்க மாட்டான்."

மாட்லேன் சிரிப்பாள். போனை வைத்ததும் சிரிப்பு போய்விடும். பயமாக இருக்கிறது என்று அக்காவிடம் வாய்விட்டே சொன்னாள்.

விஷயம் தனிமனித மூளைக்கு அடங்காது என்று கண்ட பால்ட்ஸ், சனிக்கிழமை சங்கத்தின் அவசரப் பொதுக்குழுவைக் கூட்டினார். உணவகத்தின் பின்னறை, வெள்ளை ஒயின், குச்சி குத்திய சீஸ் துண்டுகள். பதினான்கு உறுப்பினரும் வந்திருந்தார்கள். சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வாசிக்கப்பட்டு, ஒரு காற்புள்ளி திருத்தப்பட்டு, ஏகமனதாக ஏற்கப்பட்டது.

"பயணி உள்நாட்டாரா, வெளிநாட்டாரா? முதல்ல அதைத் தீர்மானம் பண்ணணும்," என்றார் செயலாளர் ட்ஸெல்வேகர் அம்மையார்.

"நான் எங்க அண்ணனைப் பாக்கணும். அவ்ளோதான்," என்றாள் மாட்லேன்.

"அது இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லையேம்மா. கடைசியில 'இதர விஷயங்கள்'னு ஒண்ணு வரும், அப்பச் சொல்லு," என்றார் பொருளாளர் குளோர், மிகுந்த பரிவுடன்.

இரண்டரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு வாக்கெடுப்பு. மாட்லேனும் கையைத் தூக்கினாள்.

"கையை இறக்கும்மா. நீ பயணம் போறவதானே, உறுப்பினர் இல்லையே," என்றார் பால்ட்ஸ்.

ஏழுக்கு ஆறு. ஒருவர் நடுநிலை. புதன்கிழமை, 'ஒன்பது மணி அட்டை'யில் பயணம் என்று தீர்மானம் நிறைவேறியது. அன்று முழுக்க நாட்டில் எங்கேயும் போகலாம், காலை ஒன்பதிலிருந்து. மற்ற எல்லா அட்டையையும்விட ஆளுக்கு மூன்று பிராங்க் நாற்பது ரப்பன் மிச்சம். கைதட்டல் ஓயவில்லை. இதர விஷயங்களுக்கு நேரமில்லாமல் போயிற்று.

புதன்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கே மூவரும் நடைமேடையில் நின்றார்கள். எட்டு ஐம்பத்தெட்டு வண்டியில் ஏறினால் பன்னிரண்டு பத்துக்கு ஷ்குவோல். ஐம்பது நிமிடம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம் என்று மாட்லேன் கணக்குப் போட்டிருந்தாள். வண்டி வந்தது. பால்ட்ஸ் நகரவில்லை.

"ஏறுங்க அத்தான்!"

"இது எட்டு ஐம்பத்தெட்டு. நம்ம அட்டை ஒன்பதுக்கு. அடுத்த இணைப்புல போவோம். ஒன்னு பத்துக்குப் போய்ச் சேர்ந்துடலாம்."

"அண்ணன் ஒரு மணிக்கே போயிடுவாரே!"

"அதுக்கு நான் என்ன பண்றது? கூர்டீன் அந்தக் காரைப் பத்து நிமிஷம் தள்ளி வரச் சொல்லியிருக்கலாம். யாருமே திட்டம் போட்டு வாழறதில்ல."

நடத்துநர் கதவிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏறுங்க சார். நான் உங்ககிட்ட வர்றதுக்குள்ள ஒன்பதரை ஆயிடும்."

"நீங்க ரயில்வேக்காரரா இருந்துக்கிட்டு இப்படிச் சொல்லலாமா?" என்று பால்ட்ஸ் துடித்துப்போனார்.

"சரிங்க, அந்த ரெண்டு நிமிஷத்துக்குத் தனியா ஒரு டிக்கெட் எடுத்துத் தொலைங்களேன்!" என்று கத்தினாள் ரெகுலா.

"எடுத்தா மூணு பிராங்க் நாற்பது மிச்சம் போயிடும். தீர்மானமே தப்புன்னு ஆயிடும். திருத்தணும்னா மறுபடி பொதுக்குழு கூட்டணும்!"

மாட்லேன் கைப்பையிலிருந்து இரண்டு டிக்கெட்டை எடுத்தாள். முன்பே இயந்திரத்தில் வாங்கி வைத்தது, முழு விலை. அக்காவின் கையைப் பிடித்து ஏறினாள். ரெகுலா படியிலிருந்து கணவனை ஒருமுறை பார்த்தாள். "நீங்க ஒன்பது மணிக்கே வாங்க," என்றாள். கதவு மூடியது. வண்டி அரை நொடி தாமதமில்லாமல் கிளம்பிற்று.

ஒன்பது அடித்தது. பால்ட்ஸ் ஹெங்கியின் சட்டைப்பையில் மூன்று அட்டைகளுக்கும் உயிர் வந்தது. ஒரு விதி மீறப்படவில்லை. ஒரு ரப்பன் கூடுதலாகப் போகவில்லை. இப்படி ஒரு முழுமையான வெற்றியைச் சங்க வரலாறு கண்டதில்லை. அந்த வெற்றியோடு அவர் நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்பது மணிக்குப் பிறகும் வண்டிகள் வந்தன, போயின. மூன்று அட்டையில் ஓர் ஆள் போனால் தலைக்கு எவ்வளவு விழும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததில் எதிலும் ஏறவில்லை.

பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. பின்னால் இரண்டு சகோதரிகளும் ஒரே நேரத்தில் அழுவதும் சிரிப்பதும் கேட்டது. பேசியது கூர்டீன்.

"என்ன மாப்பிள்ளை, நீங்க வரலையா?"

"என் மேல தப்பில்ல கூர்டீன். அட்டையில தெளிவாப் போட்டிருக்கு. இன்னிக்குக் காலைல ஒன்பதுலேர்ந்து ராத்திரி பன்னெண்டு வரைக்கும்."



"குடுத்து வச்சவர் நீங்க மாப்பிள்ளை. எதுவரைக்கும்னு உங்களுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. எனக்கு யாரும் எழுதிக் குடுக்கல."