தளபதி பிச்சைத்தம்பியின் வம்சம்

ஓர் உண்மையை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயரை முன்னால் போட்டு, பின்னால் எங்கள் பெயரைச் சேர்த்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறவர்கள் நாங்கள். அடுத்த தலைமுறை வந்ததும் பழைய அப்பா கழன்றுவிடுவார், புதிய அப்பா அந்த இடத்தில் ஏறிக்கொள்வார். வெளிநாட்டுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தப் போனால் அவர்களுக்குத் தலை சுற்றும். அதனால் நான் விளங்கப்படுத்தவில்லை. ஒரு வம்சத்தையே உண்டாக்கிவிட்டேன்.

என் அண்ணா கனடாவுக்குப் போனபோது அங்கே ஒரு படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டிருக்கிறார்கள். அண்ணா அப்பாவின் பெயரை எழுதினார். அவ்வளவுதான். திருகோணமலையில், உவர்மலை வீட்டில் காலையில் ரொட்டியைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் அப்பா, தனக்குத் தெரியாமலே கனடாவில் ஒரு குடும்பப் பெயராகிவிட்டார். அண்ணாவின் மகன் ரிஷி அந்தப் பெயரோடுதான் பிறந்தான். பெயர், பிச்சைத்தம்பி. (அலுவலகத்தில் அவனை ‘மிஸ்டர் பிச்’ என்கிறார்களாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது.)

ரிஷிக்கும் எமிலி என்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் கல்யாணம் முடிவாகியது. கல்யாணத்துக்கு முன்னர் அப்பாவைப் பார்க்க ரிஷி, எமிலி, எமிலியின் தாய் மார்கரெட் மூவரும் திருகோணமலைக்கு வருவதாக ஏற்பாடு. எமிலி தன் பெயரோடு ரிஷியின் குடும்பப் பெயரைச் சேர்ப்பதா இல்லையா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. மார்கரெட்டோ ஓய்வு நேரத்தில் குடும்பப் பெயர்களை ஆராய்கிறவர். ‘இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, அர்த்தம் என்ன, உங்கள் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது?’ என்று கேட்டு அண்ணாவுக்கு எழுதியிருந்தார்.

அண்ணா உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, நீ இங்கிலீசுக்காரன். வடிவா ஏதாவது சொல்லிவிடு. பிச்சை எண்டா பிச்சைதான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. அந்தப் பிள்ளை ஓடிப்போடும்.”

நான் துறைமுக அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவன். அந்தத் தகுதியில் என் மண்டையில் ஏறியிருந்த கனம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் படகில் கயிறு பிடித்தவர். காது சரியாகக் கேட்காது. ஆனால் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் பெயரை வைத்துக்கொள்ளக்கூடும் என்ற செய்தி மட்டும் அவர் காதில் எப்படியோ தெளிவாக விழுந்துவிட்டது. நான் வேலையால் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார்.

“அந்தப் பிள்ளை என்ர பேரை வைக்குமாமோ?”

“இன்னும் முடிவெடுக்கேல்லையாம், அப்பா.”

“அவசரமில்லை. யோசிச்சுச் செய்யட்டும்.” அடுத்த நாளும் அதே கேள்வி வரும். தன்னோடும் எங்களோடும் முடிந்துபோகவேண்டிய பெயர் இன்னும் கொஞ்சத் தூரம் நடக்கப்போகிறது என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நான் இரண்டு பக்கத்தில் வரலாறு எழுதினேன். முன்னொரு காலத்தில் கோணேசர் மலையையும் துறைமுகத்தையும் காவல் காத்த ஒரு தளபதி. அரசன் பொன் தர, அவர் மறுத்து, ‘இந்தத் துறைமுகத்தைக் காக்கும் உரிமையை எனக்குப் பிச்சையாகத் தாருங்கள்’ என்று கேட்கிறார். அரசன் கண்கலங்கி அந்தப் பெயரையே பட்டமாகக் கொடுக்கிறான். இதில் ஒரு வரிகூட உண்மையில்லை. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது, அதுதான் வெட்கக்கேடு.

அதோடு விட்டேனா? டவுனில் விளம்பரப் பனர் அடிக்கும் கடைக்குப் போய் எங்கள் வம்சத்துக்கு ஒரு சின்னமும் போடச் சொன்னேன். நங்கூரம், இரண்டு வாள், நடுவில் ஒரு காளை. கடைக்காரரிடம் காளைப் படம் இருக்கவில்லை. ஏதோ பால்மா விளம்பரத்திலிருந்து ஒரு மாட்டை எடுத்துப் போட்டுவிட்டார். முற்றத்தில் பந்தலைப் போட்டு, பனரை விரித்துக் கட்டிய பிறகுதான் பார்த்தேன். தளபதியின் கொடியில் மடி நிறையப் பாலோடு ஒரு பசு நின்றது.

விருந்து நாளும் வந்தது. உறவும் அயலுமாக முப்பது பேர். கோழிப் புரியாணி போடக் கிண்ணியாவிலிருந்து நசீர் நானா வந்திருந்தார். மார்கரெட் முன்வரிசைக் கதிரையில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்தார். பக்கத்தில் எமிலி, அடுத்து அப்பா. ரிஷி கனடாவிலிருந்து ஒரு புதிய காதுக் கருவி கொண்டுவந்து அன்று காலையில்தான் அப்பாவுக்கு மாட்டிவிட்டிருந்தான். பல வருடத்துக்குப் பிறகு அப்பா காது நிறையக் கேட்ட முதல் விஷயம் என்னுடைய பொய்.

மைக்கைப் பிடித்து என் வரலாற்றை ஒவ்வொரு பந்தியாக ஆங்கிலத்தில் வாசித்து, அதையே அயலவருக்காகத் தமிழிலும் சொன்னேன். (யார் கேட்டது? ஒருவரும் கேட்கவில்லை.) தளபதி வந்தார், அரசன் அழுதான். கடைசியில் குரலை உயர்த்தினேன். “இந்தப் பெயர் உலகத்தில் எங்கள் ஒரு குடும்பத்துக்கு மட்டுமே உரியது!”

குசினிப் பக்கமிருந்து அகப்பையோடு நசீர் நானா எட்டிப் பார்த்தார்.

“இல்லையே தம்பி. எங்கட உம்மாட வாப்பா, மூத்தவாப்பாட பேரும் பிச்சத்தம்பிதான்.”

பந்தல்காரரும் சும்மா இருக்கவில்லை. “எங்கட திரியாயிலயும் ஒரு பெரியப்பா இருந்தவர். அவரும் பிச்சைத்தம்பிதான்.”

சனம் சிரித்தது. ரிஷி எல்லாவற்றையும் மொழிபெயர்த்தான், பாவி. மார்கரெட் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எமிலி ரிஷியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பிச்சைத்தம்பி என்ற பெயர் கனடாவில் முடிந்துபோவதை நான் கண்ணால் கண்டேன். அப்போது அப்பா கையை நீட்டினார்.

“தம்பி, அந்த மைக்கை இஞ்ச தா.”

கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

“ராசா ஒருத்தரும் தரேல்லை,” என்றார் அப்பா. “அம்மாவுக்கு எனக்கு முதல் நாலு பிள்ளையள். நாலும் பிறந்து முப்பத்தொண்டாம் நாள் கழிக்க முதலே செத்துப்போச்சுதுகள். நான் பிறந்த உடனை அம்மா சுளகைத் தூக்கிக்கொண்டு ஏழு வீட்டில போய் அரிசி பிச்சை எடுத்தவ. ரெண்டு வீடு முஸ்லிம் ஆக்களின்ர. பிச்சை எடுத்து வாங்கின பிள்ளை எண்டு சொன்னா, இது பெறுமதியில்லாதது எண்டு யமன் விட்டிட்டுப் போவானாம். அதாலதான் இந்தப் பேர். நானும் உயிரோட நிண்டிட்டன்.”

பிறகு நசீர் நானாவின் பக்கம் திரும்பினார். “உங்கட மூத்தவாப்பாவுக்கு முதல் எத்தினை பேர்?”

“மூண்டு எண்டு உம்மா சொல்லுவா, ஐயா.”

அப்பா தலையை ஆட்டினார். “அதுதான் ஊர் முழுக்க இந்தப் பேர்.”

ரிஷி இதை மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு எமிலியின் கையைப் பிடித்துக்கொண்டான். மிச்சத்தை நான்தான் சொன்னேன். அந்த இரண்டு பக்கத்தையும் விட அது குறைந்த ஆங்கிலம், ஆனால் சொல்லி முடிக்க எனக்கு நீண்ட நேரம் எடுத்தது. இத்தனை வருடமும் அப்பாவின் பெயரை ஒரு ‘பி’ எழுத்துக்குள் ஒளித்துவைத்துக் கையெழுத்துப் போட்டவன் நான். பள்ளிக்கூடத்தில் முழுப்பெயர் கேட்டால் வாய்க்குள் முணுமுணுப்பேன். ஏன் இந்தப் பெயர் என்று ஒருநாளாவது அவரிடம் கேட்டதில்லை. அன்று அந்த மடிப்பசுவின் கீழே நின்றபோது வந்த வெட்கம் பொய் பிடிபட்டதற்காக வந்ததல்ல.

எமிலி எழுந்து அப்பாவின் காலடியில் நிலத்தில் இருந்துகொண்டாள். பெயரைச் சொல்லித் தரும்படி கேட்டாள். முதல் தடவை அது ஏதோ தும்மல் போல வந்தது. அப்பா பொறுமையாகத் திருத்தினார். மூன்றாம் தடவை, ‘த்தம்பி’ கொஞ்சம் சறுக்கினாலும், முழுப்பெயரும் வந்துவிட்டது.

“இவ்வளவும் காணும், பிள்ளை,” என்றார் அப்பா. “என்ர பேத்திதான் நீ.”

மார்கரெட் என் பக்கத்தில் வந்து, தளபதியைப் பற்றி வேறு ஆதாரம் ஏதும் உண்டா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். நான் புரியாணி பார்க்கவேண்டும் என்று சொல்லிக் குசினிக்குள் ஓடிவிட்டேன்.

எமிலி இப்போது எமிலி பிச்சைத்தம்பி. சுருக்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறாளாம். என்னை இரண்டு நாட்டிலும் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் ‘தளபதி’. போன மாதம் அப்பாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தாதி வெளியே வந்து, “பிச்சைத்தம்பி!” என்று கூப்பிட்டார். மூன்று கிழவர்கள் எழும்பி நின்றார்கள், ஒருவர் தொப்பியோடு, ஒருவர் திருநீற்றோடு, மற்றவர் எங்கள் அப்பா. தாதி விழித்தார். அப்பா மற்ற இருவரையும் மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் என் பக்கம் திரும்பினார்.

“தளபதி, உன்ர படை வந்திட்டுது,” என்றார். பிறகு தன் முறையையும் மறந்து, தொப்பிக்காரருக்குப் பக்கத்தில் போய் இருந்து மெதுவாகக் கேட்டார். “உங்களுக்கு முதல் எத்தினை பேர்?”