மாமனாருக்கு ஒரு பெட்டி

என் மாமனார் தவறிப்போன பிறகுதான் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் ஒத்துப்போக ஆரம்பித்தது. இருந்தவரை, நான் ஒரு டம்ளரைக் கையில் எடுத்தால்கூட "பார்த்து, மாப்பிள்ளை" என்பார். கடைசி நாட்களில் அவர் பேசியது, சிரித்தது, என்னைத் திட்டியது எல்லாவற்றையும் என் மனைவி வீடியோ எடுத்து ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தாள். மேலே அவள் கையெழுத்தில் 'அப்பா' என்று ஒரு ஸ்டிக்கர். வேறு பிரதி கிடையாது.

மனைவி அழுதுகொண்டிருக்கும்போது கணவன் சும்மா இருக்கலாமா? சபதம் போட்டேன்.

"நம்ம வீட்டுக்குன்னு ஒரு ஃபைல் சர்வர் கட்டப்போறேன்."

"கட்டறதுன்னா? சிமெண்டு, செங்கல்லா?"

"கம்ப்யூட்டர்மா. போட்டோ, வீடியோ எல்லாம் அதுல இருக்கும். ரெண்டு டிஸ்க் போடுவேன். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். அப்பா பத்திரமா இருப்பார்."

"எப்போ கட்டுவீங்க?"

"முதல்ல நல்ல கேபினெட் அமையணும். எல்லாத்தையும் உள்ள மாட்டற பெட்டி. பெட்டி சரியில்லைன்னா சூடு ஏறும். சூடு ஏறினா டிஸ்க் காலி."

"அதுவரைக்கும்?"

"டிஸ்க் அலமாரியிலயே இருக்கட்டும். யாரும் தொடக்கூடாது."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். அவள் ஒரே தடவையில் சரி என்றால் நான் பயந்திருக்க வேண்டும். சபதம் போட்ட ஜோரில் மறந்துவிட்டேன்.

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. டைல்ஸ் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். கீறல், கோணல், மங்கல் என்று நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எனக்குள் இருப்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன்.

கேபினெட் தேடி ஒரு கடையைப் பிடித்தேன். பெட்டிக்கு நான் வைத்த லட்சணங்கள் அதிகமில்லை. காற்றோட்டம் வேண்டும். சத்தம் கூடாது. விளக்கு மின்னக்கூடாது. வீட்டில் அது இருப்பதே கண்ணுக்குத் தெரியக்கூடாது. கடைக்காரர் அடுக்கிவைத்த பெட்டிகளில் ஒன்று மட்டும் தேறியது. ஆனால் அதன் டிஸ்க் தட்டு கொஞ்சம் இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றியது.

"சார், டிஸ்க்கெல்லாம் ஒரே அளவுதான். கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்றார் கடைக்காரர்.

பரிசோதகனிடம் சொல்கிற பேச்சா இது? மறுநாள் அலமாரியிலிருந்து 'அப்பா'வைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். தட்டில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. வெற்றிப் பெருமிதத்தோடு வெளியே உருவினேன். கை வழுக்கியது. மூலை இடிபட, தரையில் விழுந்தது.

வீட்டுக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டரில் மாட்டினேன். கடக், கடக் என்றது. திரையில் ஒன்றும் வரவில்லை. மாமனார் இரண்டாம் முறை போய்விட்டார். இந்த முறை என் கையால்.

எனக்கு அழுகை வந்தது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே வந்தது. ஆனால் அழுது முடிக்கும்போதே மூளை வேலை செய்தது. பெட்டி அமைந்தால்தானே டிஸ்க்கைக் கேட்பாள்? அமையாமலே போய்விட்டால்? டிஸ்க்கைத் துடைத்து அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தேன்.

அன்றிலிருந்து உலகத்தில் எந்தக் கேபினெட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

"இது நல்லா இருக்கேங்க. கறுப்பு." அவளே போனில் படம் காட்டுவாள்.

"தூசி தெரியும்."

"வெள்ளை?"

"அழுக்குத் தெரியும்."

"கண்ணாடிக் கதவு வச்சது?"

"உள்ள இருக்கறதெல்லாம் தெரியும்!"

"தெரிஞ்சா என்னங்க?"

கடைக்காரரும் ஒரு நாள் கேட்டுவிட்டார். "சார், நீங்க வாங்க வர்றீங்களா, விசாரணைக்கு வர்றீங்களா?"

வீடு இருண்டு கிடப்பதுபோல் இருந்தது. அவள் அப்பா உட்காரும் பிரம்பு நாற்காலியில் சாயங்காலம் அவள் போய் உட்காருவாள். "பெட்டி அமைஞ்சுதாங்க?" என்பாள். "பாத்துட்டே இருக்கேன்" என்பேன். குற்ற உணர்ச்சி தாங்காமல் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தேன். துணி மடித்தேன். ஜன்னல் துடைத்தேன். எதையும் உடைக்கவில்லை. அவ்வளவு துக்கம்.

மாமனார் போய் ஒரு வருஷம் நிறைந்த அன்று, அந்த நாற்காலியிலிருந்தே சொன்னாள்: "இன்னிக்கு அப்பா குரலைக் கேக்கணும்போல இருக்குங்க."

புதுசாக ஒரு குறை சொல்ல வாயைத் திறந்தேன். குறை வரவில்லை.

"போயிடுச்சும்மா. கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கீழ போட்டுட்டேன். உங்கப்பாவை நான்தான் தொலைச்சேன்." தேம்பித் தேம்பி அழுதேன்.

அவள் எழுந்தாள். செருப்பு அலமாரியின் கீழ்க் கதவைத் திறந்தாள். பழைய குடைகளுக்குப் பின்னால், பெயிண்ட் உரிந்து ஒரு பக்கம் நசுங்கிய கேபினெட் ஒன்று அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன இது?"

"ஃபைல் சர்வர். ஆஸ்பத்திரியில கழிச்சுப்போட்ட பெட்டி. எங்க கம்ப்யூட்டர்காரர் ரெண்டு புது டிஸ்க் மாட்டி, அப்பா வீடியோவையெல்லாம் அதுல ஏத்திக் கொடுத்தார். எக்ஸ்ரே படமெல்லாம் பின்ன எதுலங்க இருக்கு? காத்துலயா?"

"எப்போ?"

"நீங்க சபதம் போட்ட அந்த வாரமே."

"அப்ப நான் கீழ போட்டது?"

"அதுவும் ஆஸ்பத்திரியில கழிச்சதுதான். ஏற்கனவே செத்தது. ஸ்டிக்கரை உரிச்சு அதுல ஒட்டிட்டேன். எங்கப்பாவை நம்பி உங்க கையில கொடுப்பேனா?"

"நான் போட்டது உனக்குத் தெரியுமா?"

"மூலை நசுங்கியிருந்துச்சு. போதாக்குறைக்கு நீங்க பாத்திரம் வேற தேய்ச்சீங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் பட்ட பாடு..."

"நீங்க சொல்வீங்களான்னு பாத்தேன். சொல்லலை. வீட்டு வேலையாவது நடக்குதேன்னு விட்டுட்டேன்." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்குச் சொன்னீங்களே. அதுவே போதும்."

அந்த அலமாரியில் தினமும் செருப்பு எடுத்தவன் நான். பெட்டி கண்ணில் படவில்லை. சத்தம் காதில் விழவில்லை. நான் கேட்ட லட்சணம் ஒன்றுகூடக் குறையவில்லை.

டிவியைப் போட்டாள். மாமனார் வந்தார். மெலிந்த முகம், அதே குறும்புக் கண். நான் கைகூப்பாத குறைதான். படம் பிடித்துக்கொண்டிருந்த அவள் குரல் கேட்டது: "கை வலிக்குதுப்பா. கேமராவைக் கொஞ்ச நேரம் அவர்கிட்ட கொடுக்கட்டுமா?"

மாமனார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, திரைக்குள்ளிருந்து நேராக என்னைப் பார்த்தார்.

"யாரு, மாப்பிள்ளைகிட்டயா? வேண்டாம்மா. கீழ போட்டுடுவார்."