ஒன்றரை டன் தூக்கம்

நர்ஸம்மா கண்ணை மூடி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சோலார் ஏசி மூச்சை விட்டது.

"சின்ன மேகம்தாம்மா, இதோ போயிடும்!" என்று மாடியிலிருந்து கணவர் குரல் கொடுத்தார், மேகம் ஏதோ தன் ஒன்றுவிட்ட தம்பி என்பதுபோல.

நைட் டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவளுக்கு வெயில்தான் எதிரி. ரிட்டையரான டிராயிங் மாஸ்டரான அவருக்கோ வெயில்தான் எல்லாம். வீடு கட்டும்போதே, "கம்பத்துக் கரண்டே வேண்டாம், சூரியன் போதும்" என்றார். அந்த முகத்தின் பூரிப்பைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. "எனக்கும் சோலார்னா உயிருங்க" என்று சொல்லித் தொலைத்தாள்.

மேகம் போயிற்று. ஏசி வரவில்லை.

"மரம் மறைக்குது" என்று ஜன்னலோரக் கிளைகளை வெட்டித் தள்ளினார். பேனலுக்கு வெயில் கிடைத்தது, படுக்கையறைக்கும் கிடைத்தது. அறை கொதித்தது.

"ஒரு டன் பத்தாதும்மா. ஒன்றரை டன் எடுத்துடலாம்."

மறுபடி கடை கடையாக ஏறி இறங்கி, ஒன்றரை டன் வந்தது. அதற்குப் பேனல் பத்தவில்லை. இன்னும் ஆறு ஏறின. தூசி படிந்தால் ஏசி திணறும் என்று கடைக்காரர் சொன்னது அவருக்கு வேதவாக்கு. மணிக்கொரு தரம் வாளியும் துணியுமாக மாடி ஏறினார். அவள் தலைக்கு நேர் மேலே தொம் தொம் என்று நடை.

அறை ஜில்லென்றுதான் இருந்தது. தூக்கம்தான் வரவில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்று தொப்பலாக நனைந்த சட்டையோடு எட்டிப் பார்த்தார்.

"சொர்க்கங்க" என்றாள். கண் இரண்டும் கோவைப்பழம்.

அன்றிரவு ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் தூக்க மாத்திரை கொடுக்கப் போனவள், நோயாளிக்கு முன்பே தான் தூங்கிவிட்டாள். பெரிய டாக்டர் கூப்பிட்டு எச்சரித்தார். இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும்.

காலையில் நேரே மின்சார அலுவலகத்துக்குப் போனாள். பின்பக்கமாக லைனை இழுத்துச் சேர்த்துவிட்டால், எல்லாம் சூரியன் மகிமை என்று அவர் நினைத்துக்கொள்வார். அவரும் மாடி ஏற வேண்டாம், அவளும் தூங்கலாம். தெரிந்தால் நொறுங்கிப்போவார், பாவம். மனுவின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'கணவருக்குத் தெரிய வேண்டாம்.'

நான்காம் நாள் மத்தியானம் லைன்மேன் ஏணியோடு வாசலில் வந்து நின்றார். செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

"மெதுவா பேசுங்கண்ணே! அவர் மாடியிலதான் இருக்கார்!"

லைன்மேன் மேலே பார்த்தார். அவளும் பார்த்தாள். வாளியும் கையுமாக நின்ற கணவர், லைன்மேனைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

லைன்மேன் தலையைச் சொறிந்தபடி பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார்.

"இந்த வீட்டுல இருந்து ரெண்டு மனு வந்திருக்கும்மா. ஒண்ணுல, வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம்னு இருக்கு. இன்னொண்ணுல, வீட்டம்மாவுக்கு சோலார்னா உயிரு, அவங்களுக்குத் தெரிய வேண்டாம்னு இருக்கு. இப்போ நான் யாருக்குத் தெரியாம லைன் இழுக்கறது?"