நூல் தொடாத பின்னல்காரர்

கொக்கி ஊசியைக் கையால் தொடாமலே குரோஷா பின்னுகிறவர் என்று ஓர் இனம் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? நூல் எங்கே வளையும், எங்கே இழுபடும், எந்தக் கண்ணி எதன் கழுத்தைப் பிடிக்கும் என்று கணினியில் கணக்குப் போட்டு, அது முடிய மூன்று மணி நேரம் காத்திருந்து, திரையில் உருவான துணியைத் திருப்பித் திருப்பிக் காட்டி, நாம் விடுகிற கொட்டாவியை வியப்பு என்று எடுத்துக்கொள்வார். ஆராய்ச்சிக்கூடத்தில் அது உத்தியோகம். வீட்டில் அது உபத்திரவம்.

இப்படி ஒருவரை எனக்குத் தெரியும். என் தங்கையின் கணவர் என்பதால் தெரியாமலிருக்க வழியில்லை. போகிற வீட்டிலெல்லாம் சோபா உறையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, இழுவிசை சமமாக இல்லை என்று வருத்தப்படுவார். தங்கை இருபது வருஷமாகப் பின்னுகிறவள். அவளுக்கும் பாடம் உண்டு.

ஏழு வயது மகள் பள்ளி மேடையில் முதல் முறையாகத் தனியாகப் பாடவேண்டும். அம்மா பின்னுகிற மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டால்தான் பாடுவேன் என்று சொல்லிவிட்டாள். கீழிருந்து மேலாகப் பின்னி வந்த தங்கை கழுத்துக்கு வந்ததும், இவர் மகளை நாடாவால் அளந்து, திரையில் ஒரு பொம்மை செய்து, கழுத்து தொளதொளக்கிறது என்று சிவப்பில் காட்டினார். பத்துக் கண்ணி குறைக்கவேண்டுமாம்.

"வேணாங்க, கைக்குத் தெரியுது" என்றாள் தங்கை.

கைக்கு என்ன தெரியும் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். அந்த வாயை மூட வேறு வழி தெரியாமல் அவள் குறைத்தாள். கவுன் முடிந்தது விழா அன்று காலையில். போட்டுப் பார்க்கலாம் என்றதற்கு, நூறு முறை போட்டுப் பார்த்தாயிற்று என்றார். எங்கே? திரையில்.

மேடைக்குப் பின்னால், இன்னும் இரண்டே பாட்டுகள் இருக்கையில், கவுன் மகளின் நெற்றியில் வந்து நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அப்பா, உங்க பொம்மை இத எப்படிப் போட்டுக்கிச்சு?"

அவர் குனிந்து கவுனிடமே சொன்னார்.

"அது போட்டுக்காது கண்ணு. அது உடம்பு மேலயே உருவாகிடும்."

தங்கை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கவுனை உருவி, கழுத்து வரிசைகளைப் பிரித்து, கைப்பையிலிருந்த கொக்கியால் மளமளவென்று அகலப் பின்ன ஆரம்பித்தாள். கடைசி வரிசைக்கு நேரமில்லை. தொங்கிய கண்ணியை ஊக்கால் குத்தி அனுப்பினாள். முதல் வரியில் நடுங்கிய குரல் இரண்டாவது வரியில் நிமிர்ந்தது. தங்கை அப்போதுதான் மூச்சுவிட்டாள். இவர் என் காதோடு சொன்னார்:

"தலையையும் கணக்குல சேர்த்திருந்தா கச்சிதமா வந்திருக்கும், மச்சான்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கவுன் நெற்றியில் சிக்கிய இடத்தில், 'முதுகுப் பக்கம் ஒரு பொத்தான் வைத்திருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? நல்ல யோசனைதான். கொக்கி பிடித்துப் பழக்கமுண்டா?