தெருவுக்கே ஒரே ஒயர்

ராஜபாளையம்,
12.8.1994

கர்த்தர் காத்துவரும் அன்பான அக்கா ஜெயக்கொடிக்கும், பேரெழுதக் கூச்சமாயிருக்கும் புது அத்தானுக்கும் தங்கை ஏசம்மாள் எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பா சுகம். என்னைப் பற்றி அப்படி எழுத வரவில்லை.

பேண்டேஜ் துணி ஆர்டர் அவசரம் என்று மில்லில் லீவு தராததால், அம்மை போட்டிருப்பதாகச் சொல்லியனுப்பிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு உன் கல்யாணத்துக்கு வந்தேன் அல்லவா. அம்மை என்றால் யாரும் பார்க்க வரமாட்டார்கள் என்பது அப்பாவின் யோசனை. மேஸ்திரி ஐயாதுரை முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. தறிப் பக்கம் சிவப்பு வார் செருப்பு வந்து நின்றால் அவர்தான் என்று தெரிந்துகொள்வேன். மில்லுக்குத் திரும்பிப் போன அன்றைக்குச் செருப்பு ஒன்றும் கேட்காமல் சும்மா நின்றுவிட்டுப் போனது. தப்பித்தோம் என்றிருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் கேபிள்காரர் பொன்னுராஜ் உன் கல்யாணக் கேசட்டைப் போட்டுவிட்டார். பெருமைக்காக அப்பாதான் கொடுத்தாராம். நான் பந்தியில் குனிந்தபடி ரசம் ஊற்றுகிறேன், முகத்தில் ஒரு பொட்டு அம்மை இல்லை, தெருவே பார்க்கிறது. மேஸ்திரி வீடு தெருக்கடைசி. கேபிள் ஒயர் நம் கூரையைத் தொட்டுத்தான் அங்கே போகிறது. நான் அழுததும் அப்பா அரிவாளை எடுத்து ஒரே வெட்டு. எல்லா வீட்டு டிவியும் நின்று, சனமெல்லாம் நம் வாசலில் கூடிவிட்டது.

"என்ன மாமா, ஒயர வெட்டிப்போட்டிய. இது நெட்வொர்க்கு. ஒரு எடத்துல போனா அம்புட்டு வீடும் போச்சு" என்றார் பொன்னுராஜ்.

"அணில் கடிச்சிருக்கும்ல" என்றார் அப்பா, அரிவாளும் கையுமாக.

எதிர்வீட்டுப் பாலம்மாள் சித்திக்கு வேறு கவலை. "மாப்பிள்ளைய முழுசாப் பாக்கலையே, பாதியில போச்சே."

"கவலைப்படாதிய சித்தி. ஞாயித்துக்கிழமை மொதல்ல இருந்து போடுதேன்."

பொறவுதான் தெரிந்தது, மேஸ்திரிக்கு நேற்று இரண்டாவது ஷிப்டாம். ஒன்றும் பார்த்திருக்கமாட்டார். ஞாயிறு மில்லுக்கு லீவு. டெலிபோன் ஆபீசில் வேலை பார்க்கும் அத்தானும் நெட்வொர்க் என்றுதானே சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நூல். இழை அறுந்தால் தறி நிற்கும், நான் முடிச்சுப் போட்டால் ஓடும். இந்த ஊரில் ஒயரை அறுத்தால்தான் பேச்சு இன்னும் வேகமாக ஓடுகிறது. கேபிள் இல்லாத வீட்டுக்கு மில் வேனில் வரும் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள், அவர்கள் விட்டதைச் சொந்தக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். வேலை போய்விட்டால் என்ன செய்வேன் அக்கா? அத்தானைப் பொன்னுராஜுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல். எக்ஸ்சேஞ்சில் யார் காதிலும் விழாமல் பேசச் சொல்.

உங்கள் இருவர் மேலும் கிருபை என்றும் இருக்கட்டும். என் மேல் ஞாயிறு வரைக்காவது இருக்கட்டும்.

பயத்துடன்,
ஏசம்மாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது வாசலில் சிவப்பு வார் செருப்பு. "ஏட்டி, ஞாயித்துக்கிழமை கேசட்டு ஓடக் கூடாது. அந்த ஒயருதான் மொதலாளி வீட்டுக்கும் போகுது. அவியகிட்ட மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரி போறேன்னு சொல்லிட்டுல்ல கல்யாணத்துக்கு வந்தேன். கேசட்டுல நானும் பந்தியில இருக்கேன். மாப்பிள்ளைக்கு நான் மாமா முறை. ரெண்டு தடவ ரசம் ஊத்தினியே, பாத்தும் நீ யாருகிட்டயும் சொல்லல, நானும் ஒன்னைய ஒண்ணும் கேக்கல" என்றார். பந்தியில் எல்லோரும் வெறுங்காலோடு அல்லவா உட்கார்ந்திருந்தார்கள், நான் எப்படிக் கண்டுபிடிப்பேன். அத்தான் போன் போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியே ஏணி கொண்டுவருகிறாராம். அப்பா அரிவாளைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.